கக்குவானுக்கு மட்டும்

— பாப்பா காலை இவ்வளவு இறுக்கிப் பிடிக்காதீங்கப்பா. எடைதான் பாக்கறேன். ஊசி அப்புறம்தான்.

— அது ஒண்ணுமில்ல சிஸ்டர். லிஃப்ட் ரிப்பேர் பண்ற கை. மெதுவாப் பிடிக்க இன்னும் வரல.

— வரும், வரும். போன ஊசிக்குக் காய்ச்சல் அடிச்சுதா?

— அடிச்சுது. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டலாம்னு இவளைத் தூக்கிட்டுப் போய் நின்னேன். என்னன்னு சொல்லித் தட்டறதுன்னு தெரியல. திரும்பி வந்துட்டேன்.

— இங்க பாருங்க, அந்த ஊசிக்கப்புறம் ஆராய்ச்சிக்குன்னு எடுத்த ரத்தத்தோட ரிசல்ட் வந்திருக்கு. ஒரே ஊசியில ஆறு நோய்க்கு மருந்து போட்டாங்கல்ல? அஞ்சுக்கு எதிர்ப்பு சக்தி நல்லா வந்திருக்கு. கக்குவான் இருமலுக்கு மட்டும் கொஞ்சம் மந்தம்.

— நான் எதுவும் தப்பாப் பண்ணிட்டேனா? புட்டிப்பால்தான் குடுக்கறேன்.

— ஐய, அதெல்லாம் இல்ல. மாசமா இருக்கறப்போ அவங்கம்மா கக்குவானுக்கு ஊசி போட்டிருக்காங்க. அந்த சக்தி வயித்துலயே பாப்பாவுக்கு வந்துடுச்சு. அது இன்னும் இவ ரத்தத்துல காவலுக்கு நிக்குது. அதனால இவ உடம்பு, நமக்கென்ன அவசரம்னு மெதுவாக் கத்துக்குது.

— இவ ரத்தத்துல இருக்கறது, அவங்கம்மாவோடதா?

— ஆமா. இவ செஞ்சதில்ல. அம்மா குடுத்து அனுப்பினது.

— அது எவ்வளவு நாள் இருக்கும் சிஸ்டர்?

— மாசாமாசம் குறையும். ஒரு வயசுக்குள்ள அநேகமாத் தீந்துடும். கவலையே வேணாம், அடுத்தடுத்த ஊசியில இவளே சொந்தமா உண்டாக்கிக்குவா. அடுத்த தடவை அவங்கம்மாவையும் கூட்டிட்டு வாங்க, அவங்க ரத்தத்தையும் பாக்கணும்.

— வர மாட்டா சிஸ்டர்.

— வேலைக்குப் போறாங்களா?

— இவ பொறந்த அன்னிக்கே இறந்துட்டா. ஆப்பரேஷன் பண்ணி இவளை எடுத்தாங்க. அவ கண்ணே முழிக்கல. இவ முகத்தைக்கூடப் பாக்கல.

— மன்னிச்சுக்கங்கப்பா. நான் இந்த வாரந்தான் இங்க வந்தேன். யாரும் சொல்லல.

— அது ஒண்ணுமில்ல. கேக்கறதுக்கு ஆளிருந்தாத்தானே நானும் சொல்வேன்.

— தண்ணி குடிக்கறீங்களா?

— வேணாம். நீங்க வேலையப் பாருங்க.

— இன்னிக்கும் முதல்ல ரத்தம் எடுத்துட்டு, அப்புறந்தான் ஊசி. எடுக்கட்டுமா?

— எடுங்க சிஸ்டர். கொஞ்சமா எடுங்க. அவங்கம்மா குடுத்தது அதுலதான் இருக்கு.