பெட்டி வைத்த பெயர்

"அந்தப் பெட்டியை நான் அடிக்கமாட்டன் எண்டு சொல்லிப்போட்டன்."

மார்க்கம் றோட் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. அவர் ஏதோ அச்சகத்தில் வேலை செய்கிறார் போலிருந்தது. பக்கத்திலிருந்த தோழி கேட்டார்:

"என்ன பெட்டியடி?"

"ஒரு எத்தியோப்பியப் பிள்ளையின்ர கலியாணக் காட். அந்த நாட்டுப் பொதுப் பாசை அம்ஹாரிக், அந்த எழுத்தெல்லாம் வடிவா வருது. அவளின்ர பேர் மட்டும் அவையின்ர சனத்தின்ர சொந்தப் பாசையில. அதில ஒரு எழுத்து வெறும் பெட்டியா வந்து நிக்குது. கொம்பியூட்டருக்குப் பிந்திச் சேர்த்த எழுத்தாம். அவளின்ர போனில வருது, எங்கட பழைய கொம்பியூட்டரிலதான் இல்லை."

"முதலாளி என்ன சொன்னவர்?"

"அதைமாதிரி வேற எழுத்தைப் போடட்டாம். உதை ஆர் பாக்கப்போகினம் எண்டார். புது ஃபொன்ட் போட்டுத் தாங்கோ, இல்லாட்டி வேற ஆளைப் பாருங்கோ எண்டன்."

"வேலை போகப்போகுதடி."

"போகட்டும். முதலாளிக்கு விசிட்டிங் காட் அடிக்கக் கிடந்தது. அவற்ற பேரிலயும் ஒரு எழுத்தை எடுத்துப்போட்டுப் பெட்டி வைச்சு, எல்லாத்தையும் அடிச்சு மேசையில வைச்சிட்டு வாறன்."

"ஐயோ, மனுசன் கண்டால்?"

"உதை ஆர் பாக்கப்போகினம்?"