பாம்புக்குப் போட்ட புறாமுட்டை

திருப்பாலைவனத்தில் அறுப்பு முடிந்து கூலியாட்களான எங்களை அனுப்பிவிட்டதால் பழவேற்காட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் பாம்புக்கூடையோடு பாம்பாட்டி ஒருவனும் அவன் பெண்சாதியும் பேசிக்கொண்டே போனார்கள்.

“நான் வளக்கிற புறாவோட ரெண்டு முட்டையையும் எடுத்துப் பாம்புக்குப் போட்டுட்டியே” என்றாள்.

“இன்னாமே பண்றது? பல்லு புடுங்குன பாம்பு, எலி புடிக்காது. முட்டைதான் முழுங்கும். ஊர் பூரா தேடியும் ஒரு கோழிமுட்டை கெடைக்கல. இது செத்தா நமக்கும் சோறு இல்ல.”

“பல்லப் புடுங்கினது நீதானய்யா.”

“புடுங்காட்டி நான் செத்திருப்பேன். உன் புறாவுக்கு ஜோடியே இல்ல. அந்த முட்டை எப்பிடியும் பொரிக்காது.”

“அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அதுக்குத் தெரியுமா?”



“அதான் அந்த எடத்துல ரெண்டு வெள்ளைக் கல்லு வச்சேனே. அது மேல குந்திக்கினுதான இருக்குது?”

“குந்திக்கினுதான் இருக்குது. அத்தப் பாக்கத்தான் முடியல.”

அவன் கூடையை மறுகைக்கு மாற்றிக்கொண்டான். “கல்ல எடுத்துடட்டுமா?”

“வாணாம்” என்றாள்.

மறுநாள் காலை பழவேற்காட்டில் ஒல்லாந்து வெள்ளைக்காரர் கட்டும் கோட்டையில் எனக்கு வேலை கிடைத்தது. சுவருக்குப் பூசும் சுண்ணாம்பில் கலப்பதற்காகச் சுற்றுவட்டாரத்துக் கோழிமுட்டையெல்லாம் கூடை கூடையாக வந்திருந்தது. சாயங்காலம்வரை உடைத்தேன்.