ஆளைத் தக்கவைத்துக்கொள்ளும் முறை

பூக்கடைக்காரன் என்றால் எல்லாரும் வாசனையைப் பற்றித்தான் கேட்கிறார்கள். உண்மையில் இந்தத் தொழிலில் பாதி வேலை குப்பை கொட்டுவது. நேற்று மணத்தது இன்று நாறும். பக்கத்துக் கடைக்காரர் புகார் கொடுப்பதற்குள் அப்புறப்படுத்த வேண்டும். நீங்கள் கேட்டது இதை இல்லை என்று தெரியும். ஆனால் ஒரு சின்னக் கடை எப்படி நடக்கிறது என்று தெரியாமல், நான் செய்தது உங்களுக்குப் புரியாது.

பஃபலோ ரோட்டில் கடை. லைசென்ஸ், வாடகை, நடைபாதையில் வாளி ஒரு சாண் நீண்டால் அபராதம், இதையெல்லாம் சமாளித்துவிடலாம். சமாளிக்க முடியாதது ஆள். நான் குடியிருக்கும் ஈசூனில் சிறுதொழில் நடத்துகிறவர்களுக்கு ஒரு வகுப்பு வைத்தார்கள். பாடம் எடுத்த சிவதர்ஷினி என்ற பெண்மணி, புது ஆளைத் தேடுவதைவிட இருக்கிற ஆளைத் தக்கவைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்றார். தொழிலாளியைக் குடும்பத்தில் ஒருவராகப் பாருங்கள் என்றார். மற்றவர்கள் டீ பிஸ்கட் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் அதைக் கடைப்பிடித்தேன்.

ஞானசேகரன் மலேசியாவில் சுங்கை பட்டாணிக்காரன். மாலை கட்ட உட்கார்ந்தால் விரல் தெரியாது. தங்குவதற்கு என் ஈசூன் வீட்டிலேயே அறை கொடுத்தேன். மனைவி காலமான பிறகு அந்த அடுக்குமாடிப் புளோக்கில் என்னோடு பேசியது, மின்தூக்கியில் மாடி எண்ணைச் சொல்லும் பெண்குரல் மட்டும்தான். மகள் ரக்ஷனா மெல்பர்னில் இருக்கிறாள். என் பிறந்தநாளுக்குக் கேக்கின் படம் அனுப்புவாள். சேகர் வந்த பிறகு வீட்டில் சத்தம் வந்தது. செய்தி வாசிப்பவரோடு சண்டை போடுவான். சாம்பாரில் உப்பு தூக்கல் என்று என்னைத் திட்டுவான். திட்டுவதற்கு ஒருவன் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது தனியாகச் சாப்பிட்டவனுக்குத்தான் தெரியும்.

வேலையிடப் பாதுகாப்பில் நான் கறார். அரளி தொடுத்த கையோடு சாப்பாட்டைத் தொடக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டேன். சாமிக்கு உகந்த பூ, மனித வயிற்றுக்கு ஆகாது. அவன் ஒருநாளும் கை கழுவத் தவறியதில்லை. ஒழுக்கமான பையன்.

தைப்பூசத்துக்கு முந்தைய வாரம், மாலை கட்டிக்கொண்டே சொன்னான். "அண்ணே, தைப்பூசம் முடிஞ்சதும் நான் ஊருக்குக் கிளம்பிடுறேன். அனுவுக்கு மாசம் நெருங்கிடுச்சு."

அனுப்ரியா அவன் மனைவி. பிள்ளை பிறந்ததும் பார்த்துவிட்டு வா என்றேன்.

"இனி வரமாட்டேன் லா, அண்ணே. அங்கேயே கோயில் வாசல்ல கடை போடப் போறேன்."

சரி என்றேன். வாழ்த்தும் சொன்னேன். எனக்கு அவன்மேல் கோபம் இல்லை, இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவன் பஸ் ஏற வேண்டிய நாள் காலையில் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். அதில் அரளிக் கூடையிலிருந்து கொஞ்சம் சேர்ந்திருந்தது. சேர்த்தது நான். பிரயாணம் செய்ய முடியாதபடி ஒரு வயிற்றுக்கோளாறு, அவ்வளவுதான் உத்தேசம். பஸ் போய்விட்டது. அவன் படுத்துக்கொண்டான். நான் கடைக்கு அரைநாள் விடுப்பு விட்டு, நெற்றியில் ஈரத்துணி போட்டேன்.

தொழிலாளியின் உடல்நலம் முதலாளியின் பொறுப்பு. கிளினிக்குக்கு நான்தான் கூட்டிப்போனேன். ஏதோ ஒத்துக்கொள்ளாததைச் சாப்பிட்டிருக்கிறார் என்றார் டாக்டர். திறமையான டாக்டர். தேறி வருவான், எழுந்து பெட்டியைப் பார்ப்பான், மறுபடி படுத்துவிடுவான். அந்த நாட்களில்தான் அவனுக்கு ஆண் குழந்தை பிறந்தது. கைப்பேசியில் காட்டினார்கள். குழந்தை கொட்டாவி விட்டதற்கு இவன் அழுதான். அனுப்ரியா என்னைக் கூப்பிட்டு, நீங்கள் பக்கத்தில் இருப்பதால்தான் தைரியமாக இருக்கிறேன் என்றாள். என் வாழ்க்கையில் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

காய்கறிக் கடை முகம்மது யூசுப்பு நான் கடையிலிருந்து கஞ்சித் தூக்கோடு வீட்டுக்குப் போவதைப் பார்த்துக் கேலி செய்வார். "பிள்ளை பெத்தது அவன் பொண்டாட்டி, பத்தியச் சாப்பாடு இவனுக்கா?" நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவையை ரசிக்காமல் இருக்க முடியாது.

பிறகு ஒரு காலை, சேகர் சுவரைப் பிடித்துக்கொண்டு கூடத்துக்கு வந்தான். சட்டை மாற்றியிருந்தான்.

"நடக்க முடியலன்னாலும் பரவால்ல, அண்ணே. இன்னிக்கு போயிடுறேன். என் பிள்ளையைத் தூக்கிப் பார்க்கணும்."

வெறும் வயிற்றோடு போகாதே என்றேன். உட்கார்ந்தான். தன்னால் எனக்கு எவ்வளவு சிரமம் என்று வருத்தப்பட்டான். முழுக் கிண்ணத்தையும் குடித்தான்.

நடந்த தவறு ஒன்றே ஒன்றுதான், அதை நான் மறைக்கவில்லை. பூக்காரன் எதையும் நிறுப்பதில்லை. சரத்தை முழத்தில் அளப்போம், உதிரியைக் கையில் அள்ளுவோம்; வேண்டியவர்கள் என்றால் கொஞ்சம் தாராளமாக விழும். சேகர் எனக்கு வேண்டியவன். இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவமனையில் சொன்னார்கள்.

பிரேதப் பரிசோதனை முடிந்து உடலைக் கொடுத்தார்கள். நீங்கள் கையில் வைத்திருக்கும் அந்த ரத்தப் பரிசோதனை முடிவு அதற்குப் பிறகுதான் வந்தது. வேலை பர்மிட்டில் இருக்கும் ஆள் இறந்தால் ஊருக்கு அனுப்பிவைப்பது முதலாளியின் கடமை. வண்டி பேசினேன். நல்ல ரோஜாவாகப் பொறுக்கி மாலை கட்டினேன். உட்லண்ட்ஸ் எல்லைச் சோதனைச் சாவடி வரை கூடவே போய், வண்டி மலேசியாவுக்குப் போகும் பாலத்தில் ஏறுவதைப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினேன். அன்று மின்தூக்கியில் அந்தப் பெண்குரலுக்குப் பதில் சொல்லிவிட்டேன்.

கஞ்சியில் கலந்தது நான். அவன் இறந்தது அதனால்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனை ஊருக்குப் போகவிடாமல் தடுத்தேன் என்று மேலே ஒரு வரி இருக்கிறதே, அதை மட்டும் எடுத்துவிடுங்கள். அனுப்பிவைத்ததே நான்தான்.