ஐம்பத்தெட்டாம் கதவு

தலைமை தாங்கும் முகம்மது ஹனீப் பாய் அவர்களே! முன்வரிசையில் இருக்கும், அண்ணாச்சியின் துணைவியார் ஏஞ்சலம்மாள் அக்கா அவர்களே! தாராவியிலிருந்தும் சீத்தா கேம்ப்பிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே! நாற்காலி காலியாக இருந்தும் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும், எனக்குப் பெயர் தெரியாத இரண்டு நண்பர்களே! எல்லோருக்கும் வணக்கம். கடைசியாகச் சொன்னவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வணக்கம்.

நான் பஞ்சு. செம்பூர்க்காரன். ‘சந்து முரசு’ வார இதழில் ‘குழாயடி’ பகுதியில் உங்கள் வீட்டு வம்பையெல்லாம் எழுதி, உங்களிடமே ஏச்சு வாங்கியவன். மைக்கை இரண்டு கையாலும் பிடித்திருக்கிறேன். துக்கத்தில் பிடித்திருக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளுங்கள், எனக்கும் கௌரவமாக இருக்கும். உண்மையில் இது பயம்!

ஆசிரியர் தாவீது அண்ணாச்சி போய்விட்டார். போன செவ்வாய்க்கிழமை, பேப்பர் மடித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். சந்துக்குள் வேறு மாதிரியும் பேசிக்கொள்கிறார்கள். குழாயடி எழுதுகிறவன் காதுக்கு அது வராதா? ஆனாலும் நான் டாக்டரைத்தான் நம்புகிறேன். நம்பினால்தான் இன்று வீட்டுக்குத் தனியாகப் போக முடியும்.

எப்பேர்ப்பட்ட மனிதர்! ஒரு பிரேக் மட்டும் வேலை செய்யும் சைக்கிளில், புதன்தோறும் தானே பேப்பர் போட்ட ஆசிரியர் வேறு எங்கே உண்டு? குழாய்ச் சண்டையை விலக்கப் போய் இரண்டு தரப்பிடமும் அடி வாங்கிய சமாதானத் தூதர் வேறு யார்? ஞாயிறு ஆராதனையில் ஹார்மோனியம் வாசிப்பார். பாட்டு ஒரு பக்கம் போகும், ஹார்மோனியம் இன்னொரு பக்கம் போகும், ‘ஆமென்’ சொல்லும்போது இரண்டும் சந்தித்துக்கொள்ளும். சாயங்காலம் கேரம். நடு ஆட்டத்தில், எதிரே இருப்பவர் பிள்ளைக்கு ஸ்கூல் அட்மிஷன் ஆயிற்றா என்று விசாரிக்க ஆரம்பித்துவிடுவார். ஆட்டம் போகும், அட்மிஷன் கிடைத்துவிடும்.

அவருக்கு ஒரு பிடிவாதம். பிறப்போ, சடங்கோ, கல்யாணமோ, சாவோ, செய்தியில் பெயரோடு சந்தும் கதவு எண்ணும் வந்தாக வேண்டும். “என்ன அண்ணாச்சி, இது பேப்பரா, போஸ்ட்மேன் டைரியா?” என்று கேலி செய்திருக்கிறேன். “ஒரே பேருல ஒம்பது பேரு இருப்பான்டே. கதவு ஒண்ணுதான்” என்பார்.

அந்தப் பிடிவாதம் எதற்கு உதவியது பார்த்தீர்களா? குறுக்குச் சந்தில் ஐம்பத்தேழு கதவு. பில்டர் இடித்துக் கட்டப் போகிறார். இரண்டாயிரமாம் ஆண்டுக்கு முன்பே குடியிருந்ததற்குச் சான்று காட்டினால்தான் புது வீடு; காட்டாவிட்டால் அந்த வீடு பில்டருக்கு மிச்சம். பத்தொன்பது குடும்பங்களின் காகிதம் 2005 வெள்ளத்தோடு போய்விட்டது. இதோ, ஹாஃபிஸா அக்கா இருக்கிறார். அவரிடம் மிச்சமிருக்கும் ஒரே சான்று, மகள் ஜோயா பிறந்தபோது ‘சந்து முரசு’ போட்ட மூன்று வரி. கதவு எண் முப்பத்தொன்று! ஜெராக்ஸ் வேண்டாம், பைண்டு செய்த அசலைக் கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றிருக்கிறார் அதிகாரி. திங்கட்கிழமை விசாரணை.

அந்தப் பதினான்கு பைண்டுகளையும், இறப்பதற்கு நாலு நாள் முன்னால், அண்ணாச்சி என்னிடம் கொண்டுவந்தார். “கொஞ்ச நாளு ஒங்கிட்ட கெடக்கட்டும்டே. என் வாசல்ல ஆள் நிக்கான்.”

இப்போது என் வாசலிலும் நிற்கிறார்கள். பைண்டுகள் எங்கே என்று மட்டும் யாரும் கேட்காதீர்கள்.

நேற்றுச் சாயங்காலம் சயானில் ரயில் ஏறியதும் ஒரு ஃபோன். நல்ல தமிழ், நம்ம தமிழ். “சார், பழைய பேப்பரெல்லாம் ரத்திக்காரன்கிட்ட எடைக்குப் போட்ருங்க. வச்சிருந்தா கரையான் வரும்.” யாரு பேசறது என்றேன். “அத விடுங்க. தொண்ணூத்தொம்பதுல, அம்பத்தெட்டாம் நம்பர்ல பொறந்தானே ஒரு பய, சௌக்கியமா?”

குர்லாவில் இறங்க வேண்டியவன் முலுண்ட் வரைக்கும் போய்விட்டேன்.

அந்தப் பயல் யார்? சொல்கிறேன். அப்போது எனக்கு இருபத்துநாலு வயசு, புரூஃப் பார்ப்பேன். மூன்றாம் பக்கத்தில் நாலு வரி இடம் காலியாக இருந்தது. “குறுக்குச் சந்து, கதவு எண் 58-இல் வசிக்கும் தம்பதிக்கு ஆண் குழந்தை. தாயும் சேயும் நலம்” என்று நிரப்பினேன். ஐம்பத்தேழோடு சந்து முடிந்தது. அதற்கு அடுத்து இருந்தது பொதுக் கழிப்பறை! ஒரு வாரம் சந்தே சிரித்தது. அண்ணாச்சி சிரிக்கவில்லை. “பொய்க் கதவு ஒண்ணத் தொறந்துட்டியேடே. இனி நம்ம கதவ எவன் நம்புவான்?” அடுத்த வாரம் திருத்தம் வந்தது: “ஆசிரியரின் கவனக்குறைவு.” என் பெயரை அவர் போடவில்லை!

திங்கட்கிழமை பில்டர் தரப்பு எந்தப் பக்கத்தை விரிக்கும்? கழிப்பறையில் பிரசவம் பார்த்த பேப்பரா சான்று என்று கேட்காதா? கேட்டால் பதில் சொல்ல அண்ணாச்சி இருக்கிறாரா?

நேற்று ராத்திரியே அந்த வருஷத்து பைண்டை விரித்து, பிளேடை எடுத்தேன். ஆமாம், உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? அந்தத் தாளை நறுக்கிவிட்டால் பொய்யும் போயிற்று, என் பெயருக்கும் ஆபத்தில்லை என்று நினைத்தேன். பிளேடை வைக்கும்போது தாள் புரண்டது. பின்பக்கம், நாலாம் பக்கம். “கதவு எண் 31, பெண் குழந்தை, ஜோயா.” என் பொய்யை நறுக்கினால் அந்தப் பிள்ளையின் வீட்டையும் சேர்த்து நறுக்க வேண்டும்!

பிளேடைக் கீழே வைத்தேன். ஆகவே, அண்ணாச்சியின் படத்துக்கு முன்னால் நின்று சொல்கிறேன்: அந்தத் தாள் கிழியாது! எழுதினவன் நான், பழியை ஏற்றவர் அவர் என்று அதிகாரி முன்னால் என் வாயால் சொல்வேன்! ‘சந்து முரசு’ அடுத்த புதனும் வரும், அதற்கடுத்த புதனும் வரும்!

கை தட்டாதீர்கள். தட்டினால் தைரியசாலி என்று எனக்கே தோன்றிவிடும். திங்கட்கிழமை காலையில் தலைவலி, காய்ச்சல் என்று ஏதாவது சொல்லி நான் படுத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். எட்டு மணிக்கு எல்லோருமாக வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். கதவைத் தட்டும்போது உங்கள் பெயரைச் சொல்லித் தட்டுங்கள். சொல்லாவிட்டால் திறக்க மாட்டேன்.