தூங்குமூஞ்சியின் உச்சிப் புத்தகம்

லோதார்: நீயே தொட்டுப் பாரு மார்லிஸ். ஈரம். நான் என்ன பண்ணட்டும்?

மார்லிஸ்: ஈரமாத்தான் இருக்கு.

லோதார்: மணல்பாறை. நனைஞ்சா பிஸ்கட் மாதிரி கையோட பேந்துக்கிட்டு வரும். ஈரப் பாறையில ஏறக் கூடாதுங்கறது நம்ம பாறையேத்தச் சங்கத்தோட மொத விதி. புதுசா வர்றவங்களுக்கு நான்தானே சொல்லிக் குடுக்கறேன்.

மார்லிஸ்: ராத்திரி மழை பெஞ்சுதா?

லோதார்: பெஞ்சிருக்கும். நீ தூங்கிட்டே. பாறைக்கு அடியில படுத்தா மழைச் சத்தம் கேக்காது.

மார்லிஸ்: நாம படுத்த எடத்துக்கும் இதுக்கும் பத்தடிதான். நடுவுல வெட்டவெளியில கெடக்கற இலையெல்லாம் அப்பளமா நொறுங்குது. உன் மழை பாறைக்கு மட்டும் பெஞ்சிருக்கு. அதுவும் உன் கைக்கு எட்டற ஒசரம் வரைக்கும்.

லோதார்: மலைன்னா அப்படித்தான். எல்பே ஆத்துப் பக்கத்துலேர்ந்து சின்னச் சின்ன மேகமா...

மார்லிஸ்: இந்த மேகத்துல புதினா வாசம் அடிக்குது லோதார். பிளாஸ்க் எங்க?

லோதார்: காலி. குடிச்சிட்டேன்.

மார்லிஸ்: ஒரு லிட்டர் புதினா டீயை, நான் கண்ணு முழிக்கறதுக்குள்ள. அறுபத்தோரு வயசுல. அதுக்கப்பறம் ஒருதரம்கூட புதர்ப் பக்கம் ஒதுங்கல. பெரிய டாக்டராப் பாத்துக் காட்டணும் உன்னை.

லோதார்: சரி, கொஞ்சம் சிந்திடுச்சு.

மார்லிஸ்: மேல் நோக்கிச் சிந்திடுச்சா? ரொட்டியாவது மிச்சம் இருக்கா, இல்ல அதையும் பாறைக்கு ஊட்டிட்டியா?

லோதார்: இருக்கு. ஈரல் சாசேஜும் இருக்கு. உக்காரு, சாப்பிடுவோம். அப்படியே எறங்கி மத்தியான ரயிலப் பிடிச்சா சாயங்காலம் டிரெஸ்டன்ல நம்ம வீட்டுல...

மார்லிஸ்: எறங்கறதா? பைக்குள்ள புதுப் புத்தகம் இருக்கு. உச்சிக்கு ஏறினவங்க பேரெழுதற பழைய உச்சிப் புத்தகம் கடைசிப் பக்கம் வரைக்கும் நெறஞ்சு போச்சு. மேல ஏறி பழச எடுத்துட்டு புதுச வைக்கணும். அந்த வேலைக்கு சங்கத்துல மொதல்ல கையத் தூக்கினது யாரு?

லோதார்: நான்தான்.

மார்லிஸ்: ஏன் தூக்கினே?

லோதார்: ...நான் போறேன்னு சொன்னா வேற எவனும் போக மாட்டான்ல.

மார்லிஸ்: அடுத்த நிமிஷமே நான் கையத் தூக்கினேன். ஒனக்கு பீர் புரையேறிச்சு.

லோதார்: நீ எதுக்குத் தூக்கினே? இந்தத் தூங்குமூஞ்சிப் பாறையில நீ ஏறினதே கெடயாது.

மார்லிஸ்: வருஷா வருஷம் வா ஏறலாம்னு கூப்பிட்டேனே. ஒரு வருஷம் முட்டி வலின்னே. ஒரு வருஷம் வல்லூறு கூடு கட்டியிருக்குன்னே. போன வருஷம் கயிறு பழசாயிடுச்சுன்னே. கயிறு வாங்கினதே அதுக்கு மொத வாரம்தான்.

லோதார்: மார்லிஸ்...

மார்லிஸ்: சொல்லு.

லோதார்: நாளைக்கு சங்கத்துல பழைய புத்தகத்த மொதல் பக்கத்துலேர்ந்து சத்தமா வாசிப்பாங்கல்ல.

மார்லிஸ்: வாசிப்பாங்க. அதுக்குத்தானே அத்தனை பீர். எண்பத்தாறாம் வருஷப் பக்கம் எப்ப வரும்னு எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க. ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீ சொல்லிச் சொல்லி அவங்களுக்கு உன் வசனமே மனப்பாடம்: 'கட்டிக்கிறியான்னு கீழ நின்னு கேட்டா பதில் கெடயாது, தூங்குமூஞ்சி உச்சியில எழுதி வை'ன்னு மார்லிஸ் சொன்னா. நான் ஏறினேன். எழுதினேன். எறங்கினேன்...

லோதார்: நான் ஏறல.

மார்லிஸ்: என்னது?

லோதார்: ஏறல. கயிறு மாட்டறதுக்குப் பாறையில அடிச்சிருக்கற ரெண்டாவது இரும்பு வளையம் வரைக்கும் போனேன். கால் தையல் மிஷின் மாதிரி ஆட ஆரம்பிச்சிடுச்சு. ஒரு மணி நேரம் அங்கயே ஒட்டிக்கிட்டு நின்னு அழுதுட்டு எறங்கிட்டேன். கீழ வந்தா நீ நிக்கறே. உன் மொகத்தப் பாத்ததும் 'எழுதிட்டேன்'னு வாய் தானா சொல்லிடுச்சு. நீயும், 'போய்ப் பாக்கத் தேவையில்ல, உன் வார்த்தை போதும்'னுட்டே.

மார்லிஸ்: ஆமா. சொன்னேன்.

லோதார்: நாளைக்கு அந்தப் பக்கத்துல என் பேர் இருக்காது. சங்கம் சிரிக்கட்டும், பரவாயில்ல. ஆனா பக்கத்துல நீ உக்காந்திருப்பே. முப்பத்தெட்டு வருஷமா ஒரு பொய்யோட குடித்தனம் பண்ணியிருக்கோம்னு உன் மொகம் மாறும். அதப் பாக்க என்னால ஆகாது. அதான் டீயை ஊத்தினேன்.

மார்லிஸ்: அன்னிக்கு உன் கயிறப் பிடிச்சது யாரு?

லோதார்: உன் அண்ணன் கெர்னோட். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணினான், பாவம்.

மார்லிஸ்: பாவந்தான். அன்னிக்கு சாயங்காலமே சொல்லிட்டான். அரை லிட்டர் பீருக்கு. மறுநாள் அவனையே கயிறு பிடிக்க வச்சு ஏறினேன். இங்க மொதப் பிடி கைக்கு எட்டாதே, ஒருத்தர் தோள்மேல ஏறித்தானே ஆரம்பிக்கணும்; அவன் தோள்மேல நின்னேன், எலும்பன், இன்னும் என் பாதம் வலிக்குது. மேல போய் தகரப் பெட்டியத் தொறந்து புத்தகத்தப் பாத்தா, நீ இப்ப சொன்ன மாதிரியே உன் பேரு இல்ல.

லோதார்: தெரிஞ்சுதான் என்னைக் கட்டிக்கிட்டியா?

மார்லிஸ்: ஏறினவங்க நெறய பேரு என்னைச் சுத்தி வந்தாங்க. ஒவ்வொருத்தனும் வளையம் வளையமாக் கதை சொல்லுவான். பாதியில அழுதுட்டு எறங்கி வந்து, அவ்வளவு சந்தோஷமாப் பொய் சொன்ன ஆளு நீ ஒருத்தன்தான்.

லோதார்: அப்ப நாளைக்கு...

மார்லிஸ்: நாளைக்கு வாசிப்பாங்க. 'மார்லிஸ், என்னைக் கட்டிக்கிறியா? இப்படிக்கு லோதார்.' தேதியோட. உன் கோழிக் கிறுக்கல் மாதிரியே எழுதறதுக்கு இடது கையால எழுத வேண்டியதாப் போச்சு.

லோதார்: நீயா எழுதினே? அடிப்பாவி... முப்பத்தெட்டு வருஷமா நான் தூக்கம் கெட்டு... இதச் சொல்லித் தொலைச்சிருந்தா ஒரு லிட்டர் டீயாவது மிஞ்சியிருக்கும்.

மார்லிஸ்: சொல்லியிருந்தா நீ இன்னிக்கு வந்திருப்பியா?

லோதார்: வந்திருக்க மாட்டேன். சரி விடு. கேள்வி இருக்கு, அதுக்குக் கீழ உன் பதில் இருக்கு. நீ ஏறி எடுத்துட்டு வா. நான் இங்கயே கயிறப் பிடிச்சிக்கிட்டு...

மார்லிஸ்: பதில் இல்ல.

லோதார்: என்ன இல்ல?

மார்லிஸ்: எழுதல.

லோதார்: பதிவு அலுவலகத்துல 'சரி'ன்னு கையெழுத்துப் போட்டியே.

மார்லிஸ்: அது அரசாங்கத்துக்கு. சுவர் இடிஞ்சதோட அந்த அரசாங்கமே போயிடுச்சு.

லோதார்: அப்ப எனக்கு?

மார்லிஸ்: நீ ஏறி வந்து பக்கத்துல நிக்கறப்ப எழுதிக்கலாம்னு, ரெண்டு வரி எடம் விட்டு, வேற எவனும் கிறுக்காம சுத்திக் கட்டம் போட்டு வச்சேன். இன்னியோட புத்தகம் கீழ போகுது. பேனா என் சட்டைப் பையில இருக்கு. ஈரம் உன் கைக்கு எட்டற ஒசரம்தான், அதுக்கு மேல காஞ்சிருக்கு; நான் மேலேர்ந்து கயிறப் பிடிச்சுக்கறேன், நீ பின்னால வா. இடுப்புல கயிறக் கட்டிக்கிட்டுக் குனி... நான் உன் தோள்மேல ஏறணும்.