கிராணிக்கு வந்த வியாதி

ஆயர் ஈத்தாம் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெரியவர்கள். ஒருவர் காலில் கட்டு.

“எனக்கும் நம்ம கிராணிக்கு வந்த வியாதிதான் லா,” என்று சிரித்தார் அவர்.

“ஆமாண்ணே. தோட்டத்துல இனிப்புநீர், அதான் சர்க்கரை வியாதி, ஆபீஸ்ல கணக்கு எழுதுன கிராணிக்குத்தானே வந்துச்சு. நம்ம லயத்துல காய்ச்சல், பாம்பு, மருந்தடிச்ச நெஞ்சு. அதுலதான் போனாங்க.”

“தீபாவளிக்கு அவரு வீட்டு லட்டுக்கு நிப்போமே. என்னா வாசம்!”

“அந்த வியாதியோட எண்பது வயசு வரைக்கும் நடந்தாருண்ணே.”

“அவருக்கு டாக்டரு வீட்டுக்கே வந்தாரு. நமக்கு கேட்டுல காவல் நிக்கிற ஜாகா வேலை. லீவு போட்டா சம்பளம் இல்ல. புண்ண யாரு பாத்தா?”

ஆஸ்பத்திரி வந்தது. கூட வந்தவர் தோள் கொடுக்க எழுந்தார்.

“விடு தம்பி. நாளைக்குக் கால எடுத்துருவாங்க. இன்னிக்கு நானே நடக்கறேன்.”

டிரைவர் காத்திருந்தார்.