தெல்வால் விட்டுச்சென்ற வெற்றிடம்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் மூத்த எழுத்தர் ரெஜினால்டு ஷார்மன் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மார்ஜரி தெல்வால் அம்மையார் அவர்களே! மேலவையின் கதவுக் காவலர் ஜெத்ரோ காப்ஸ் அவர்களே! அவையின் கணப்புக்கு விறகு சுமப்பவர்களே, மேசைக்கு மை ஊற்றுபவர்களே, பிரபுக்களே! மன்னிக்க வேண்டும். இங்கே பிரபுக்கள் யாரும் இல்லை. வாய்ப்பழக்கம், தானாக வந்துவிட்டது.

நான் ஹம்ப்ரி பாஸ்க். மறைந்த அம்புரோஸ் தெல்வால் அவர்களுக்கு இடப்பக்கம், அதே மேசையில், பதினொரு ஆண்டுகள் உட்கார்ந்தவன். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதிய உரை ஒன்று என்னிடம் இருந்தது. கல்லறையில் கறுப்புக் கையுறையை மாட்டும்போது எங்கோ வைத்துவிட்டேன். இப்போது என் பையில் இருப்பது ஆடு மேய்ச்சல் பற்றிய ஒரு மனு. அதனால் முன்பின்னாகத்தான் பேசுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

யார் இந்த அம்புரோஸ் தெல்வால்? வில்லியம் மன்னர் காலத்தில், பிரபுக்கள் கூடும் மேலவையின் எழுத்தர் மேசைக்கு வந்தார். ஆன் ராணியார் காலத்தில், போன வெள்ளிக்கிழமை மேசையை விட்டு எழுந்தார். நடுவே பத்தொன்பது ஆண்டுகள்! காலையில் இளைய பிஷப் ஜெபம் வாசிப்பார். தெல்வால் தலையைக் குனிந்தபடியே யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்துக் குறித்துவிடுவார். கணப்பருகே கை நீட்டி நின்றுவிட்டுத் திரும்பும் பிரபுக்களுக்குக் குறி போடமாட்டார். ஒருமுறை அப்படிப்பட்ட ஒரு பிரபு வந்து சண்டை பிடித்தார். தன்னை ஏன் வரவில்லை என்று எழுதினாய் என்றார். தெல்வால் மரியாதையாக எழுந்து நின்று, "பிரபு அவங்க வந்தாங்க, நான் பாத்தேன். ஆனா அவைக்கு வரல, நெருப்புக்கு வந்தாங்க" என்றார். அந்தப் பிரபு அடுத்த மூன்று வாரம் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார்.

ஸ்காட்லாந்திலிருந்து வரும் மேல்முறையீடுகளை யார் வாசித்தது? தெல்வால்! சாலை மசோதாவையும் ஆற்று மசோதாவையும், தூங்கும் பிரபு எழுந்துவிடாத குரலிலும் விழித்திருக்கும் பிரபுவுக்கு ஒரு சொல்லும் தப்பாத குரலிலும் யார் வாசித்தது? தெல்வால்! அவை சொல்லாத ஒரு சொல் அவர் புத்தகத்தில் உண்டா? இல்லை. அவை சொன்ன ஒரு சொல் அவர் புத்தகத்தில் விட்டுப்போனதுண்டா? இங்கேதான், ஐயாமார்களே, எனக்குக் குழப்பம் ஆரம்பிக்கிறது.

எனக்கு முன்னே பேசிய தலைவர் ஷார்மன் அவர்கள், தெல்வால் விட்டுச்சென்ற வெற்றிடத்தை யாராலும் நிரப்ப முடியாது என்று உருக்கமாகச் சொன்னார். நீங்கள் எல்லோரும் தலையாட்டினீர்கள். ஆனால் அதே தலைவர் அவர்கள்தான் இன்று காலை பேனாவை என் கையில் கொடுத்து, "நாளைக்குள்ள நெரப்பிடு பாஸ்க், வெறும் எடமா விட்டா நல்லாவா இருக்கு?" என்றார். நான் உருவகமாகப் பேசவில்லை. வெள்ளிக்கிழமைக் குறிப்பில், கீழிருந்து மூன்றாவது வரியில், ஒரு சொல் அளவுக்கு வெற்றிடம் இருக்கிறது. உண்மையாகவே, வெள்ளைத் தாளாக இருக்கிறது.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். அதாவது, எனக்குத் தெரிந்தவரை.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மசோதாக்கள். கடைசியாக வந்தது லிங்கன் பக்கத்து விதவை டோர்கஸ் லிண்டல் அவர்களின் மசோதா, மூன்றாம் வாசிப்பு, அதாவது கடைசி வாசிப்பு. அவர் கணவர் காலமாகிவிட்டார். மாமனார் எழுதிவைத்த பழைய பத்திரத்தின்படி வீடு கணவரின் தம்பிக்குப் போகும். அந்தப் பத்திரத்தை மீறி, அவரும் மூன்று பெண்களும் அந்த வீட்டிலேயே இருக்கலாம் என்று ஒரு சட்டம் வேண்டும். அவ்வளவுதான். தம்பிக்கும் அவையில் வேண்டியவர்கள் உண்டு, லிண்டல் அம்மாவுக்கும் உண்டு. தெல்வால் மசோதாவை வாசித்து முடித்தார். கம்பளி மூட்டையில் அமர்ந்து அவையை நடத்தும் பிரபு, அன்றைக்குக் கடும் ஜலதோஷம் அவருக்கு, கேள்வியை முன்வைத்தார். ஏற்பவர்கள் சம்மதம் என்றும், மறுப்பவர்கள் சம்மதமில்லை என்றும் குரல் கொடுத்தார்கள். அவர் முடிவை அறிவிக்க வாயைத் திறந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பூங்காவில் பீரங்கி வெடித்தது. பிளாண்டர்ஸ் போரில் எதிரியின் ஏதோ கோட்டை விழுந்துவிட்டதாம்! பிரபுக்கள் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினார்கள். ஒரு பிஷப் பெஞ்சின் மேல் ஏறினார். இரு பக்கத்து ஆட்களையும் எண்ணிப் பாருங்கள் என்று கேட்க ஓர் ஆள் உட்கார்ந்திருக்கவில்லை. அவர் அறிவித்ததில் 'சம்மதம்' என் காதில் விழுந்தது. அதோடு 'இல்லை' ஒட்டிக்கொண்டிருந்ததா? எனக்குத் தெரியவில்லை. இப்போதும் தெரியவில்லை!

பிரபுக்களைக் கேட்கக்கூடாதா என்பீர்கள். கேட்டோம். ஆறு பேருக்குச் சம்மதம் என்றுதான் கேட்டதாம். ஆறு பேருக்கு இல்லை என்று கேட்டதாம். அவரவர் எந்தப் பக்கம் குரல் கொடுத்தாரோ அந்தப் பக்கமாகவே காதும் கேட்டிருக்கிறது. ஜெத்ரோ காப்ஸ் கதவுக்கு வெளியே நின்றவர். அவர் சம்மதம் என்று சத்தியம் செய்கிறார். ஜெத்ரோ, கதவு மூடியிருந்ததே! அவையை நடத்திய பிரபுவின் வீட்டுக்கே போனேன். அவர் மூக்கைச் சிந்தியபடி, "நான் என்ன சொன்னேனா? அதான் புத்தகத்துல இருக்குமேய்யா, அதப் பாரு" என்று அனுப்பிவிட்டார். அவை புத்தகத்தை நம்புகிறது. புத்தகம் தெல்வாலை நம்பியது. தெல்வால் யாரை நம்பினார்?

அம்மையார் மார்ஜரி அவர்களே, சொல்லலாமா? நேற்று இதைக் கேட்டபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்? "சொல்லுப்பா. வீட்ல கத்திக் கத்தி என் தொண்டையே போச்சு. இனிமே யாருக்குத் தெரிஞ்சா என்ன" என்றீர்கள். இப்போதும் தலையாட்டுகிறீர்கள். அப்படியானால் சொல்கிறேன்.

அம்புரோஸ் தெல்வாலுக்குக் காது கேட்காது. ஐந்தாண்டுகளாகக் கேட்காது! தலைவர் அவர்களே, உட்காருங்கள், தயவுசெய்து. வாசிப்பதில் அவருக்கு என்ன குறை? கண் நன்றாக இருந்தது, குரல் இருந்தது. அவை சொல்வது மட்டும்தான் எட்டவில்லை. மேசைக்கடியில் அவர் முழங்காலில் நான் தட்டுவேன். சம்மதம் என்றால் ஒன்று. இல்லை என்றால் இரண்டு. ஒத்திவைப்பு என்றால் மூன்று. வேலை போய்விடும் என்று பயம் அவருக்கு. அவர் போனால் அந்த இடத்துக்கு யாரோ ஒரு பிரபுவின் மைத்துனன் வந்து உட்காருவான் என்று பயம் எனக்கு. தப்புத்தான். ஆனால் ஐந்தாண்டுகளில் ஒரு குறிப்புகூடப் பிசகவில்லை. நான் வெள்ளிக்கிழமை வரைக்கும் ஒழுங்காகத்தான் தட்டினேன்.

பீரங்கி வெடித்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். அதிர்வு அவருக்கும் தெரிந்திருக்கும், மைப்புட்டி ஆடியது. பேனா காத்திருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்று தட்டினேன். லிண்டல் அம்மாவின் வெளுத்த முகம் பார்வையாளர் தடுப்புக்குப் பின்னால் தெரிந்தது, தட்டினேன். பாதி தட்டியதும் இது பொய்யாயிற்றே என்று தோன்றியது. கையை இழுத்தேன். இழுத்த கை மறுபடி பட்டுவிட்டது. அது ஒன்றா, இரண்டா? தட்டிய எனக்கே தெரியாது, அவருக்கு எப்படித் தெரியும்? அவர் என்னையே பார்த்தார். பிறகு குனிந்து எழுதினார். நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை.

படியிறங்கும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "பாஸ்க், நீ தட்டினது ஒண்ணா, ஒண்ணேமுக்காலா?"

நான் சிரித்தேன். காலையில் சொல்கிறேன் என்று சைகை காட்டினேன். அவரும் சிரித்தார். மூச்சு வாங்குகிறது என்று கைப்பிடிச் சுவரில் கொஞ்சம் சாய்ந்து நின்றார். நான் விடைபெற்றுப் போய்விட்டேன். சனிக்கிழமை விடிவதற்குள் அவர் போய்விட்டார். ஐயா, எனக்கு மனசே ஆறவில்லை! நின்று பதில் சொல்லியிருக்கக் கூடாதா?

அன்று மதியம் புத்தகத்தைத் திறந்தேன். 'டோர்கஸ் லிண்டல் மசோதா இன்று மூன்றாம் முறை வாசிக்கப்பட்டது, அவையின் முடிவு' என்று எழுதி, ஒரு சொல்லுக்கு இடம் விட்டிருக்கிறார். ஏன் விட்டார்? மை தீர்ந்ததா? இல்லை, அடுத்த வரியில் செவ்வாய் பதினொரு மணி வரை ஒத்திவைப்பு என்று முத்து முத்தாக எழுதியிருக்கிறார். நெஞ்சு வலித்ததா? வலித்த கை அப்படி எழுதுமா? நான் பொய் சொல்கிறேன் என்று என் கை தட்டிய விதத்திலேயே படித்துவிட்டாரா? அல்லது காலையில் பாஸ்க் சொல்வான், எழுதிக்கொள்ளலாம் என்று என்னை நம்பித்தான் விட்டாரா? மூன்று நாளாக யோசிக்கிறேன். சில நேரம் கோபம் வருகிறது. ஏதாவது ஒன்றை எழுதித் தொலைத்திருக்கலாமே மனுஷன்! நான் பாட்டுக்கு நிம்மதியாக அழுதிருப்பேனே.

காலையிலிருந்து எத்தனை பேர் என் காதோரம் வந்தீர்கள்! கல்லறைக்குழி அருகில், விரித்த குடைக்கடியில், இங்கே சூடான திராட்சை ரசம் ஊற்றும் இடத்தில்கூட. ஒருவர் நல்லதை எழுது என்றீர்கள். ஒருவர் இருந்த சட்டமே இருக்கட்டும், இல்லை என்று எழுது என்றீர்கள். கணவரின் தம்பி அனுப்பிய வக்கீல் என் கையை வெகுநேரம் குலுக்கினார். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது, எழுத வேண்டிய எனக்கு மட்டும் தெரியவில்லை.

லிண்டல் அம்மா, நீங்கள் கடைசி வரிசையில் நிற்கிறீர்கள். உட்காருங்கள், இடம் இருக்கிறது. தெல்வாலை உங்களுக்கு முன்பின் பழக்கமில்லை. உங்கள் பெண்கள் மூவரின் பெயரையும் விழுங்காமல் வாசித்தார் என்பதற்காக அடக்கத்துக்கு வந்தீர்கள். குழியருகில் என்னிடம் கேட்டீர்கள்: "ஐயா, அந்தப் புத்தகத்துல என் பேருக்குப் பக்கத்துல நல்ல வார்த்தையா இருக்கா?" நான் உங்கள் கையில், குழியில் போடும் ரோஸ்மேரிக் கொத்து ஒன்றைக் கொடுத்தேன். வெட்கமாக இருந்தது. அம்மா, உங்கள் பெயருக்குப் பக்கத்தில் எந்த வார்த்தையும் இல்லை. 'சம்மதம்' என்று எழுத என் கை துடிக்கிறது. எழுதினால் தெல்வாலின் புத்தகம் என்று எல்லோரும் நம்புவார்கள், வியாழக்கிழமை ராணியாரின் ஒப்புதல் கிடைத்துவிடும், வீடு உங்களுடையது. ஆனால் அதை எழுதியவர் தெல்வால் என்றல்லவா ஆகும்? செத்த மனிதர் கையால் நான் எப்படிப் பொய் எழுதுவேன்? இன்னொரு சொல்லை எழுதவும் என்னால் முடியாது. அதுவும் பொய்யாக இருக்கலாம்.

இரங்கல் கூட்டத்தில் பேசுபவன் மறைந்தவரின் பணியைத் தொடர்வேன் என்று உறுதி சொல்லி இறங்க வேண்டும். நான் எதைத் தொடர்வது? அவர் மாதிரி வாசிக்க எனக்கு வராது. தலைவர் அவர்களே, உங்கள் பேனாவை இதோ திருப்பித் தருகிறேன். நாளை நான் அந்த மேசையில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த இடத்தில் யாரும் எதையும் எழுத வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

நாளை பதினொரு மணிக்கு, பிஷப் ஜெபம் முடித்ததும், நான் எழுந்து நிற்பேன். எழுத்தர் எழுந்து அவையிடம் பேசும் வழக்கம் இல்லை என்று எனக்கும் தெரியும். என்னை வெளியே பிடித்துத் தள்ளுவது என்றால், ஜெத்ரோ, நீதான் தள்ள வேண்டியிருக்கும், கொஞ்சம் மெதுவாக வா. லிண்டல் அம்மா, இரண்டாம் முறை கேட்டால் அவர்கள் உங்களுக்குச் சாதகமாகத்தான் சொல்வார்கள் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. நீங்கள் வீட்டை இழந்தால் அதற்கு நானும் ஒரு காரணம். அதை வைத்துக்கொண்டுதான் நான் மிச்ச நாளை ஓட்ட வேண்டும். ஆனாலும் எழுந்து நிற்பேன். ஐந்தாண்டுகளாக ஒவ்வொரு நாளும் அம்புரோஸ் தெல்வால் வாய் வரை வந்து, வேலை போய்விடும் என்று பயந்து விழுங்கிய ஒரே ஒரு பேச்சை அவருக்காக நான் பேசிவிடுவேன்:

"பிரபுக்களே, எனக்குக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லுங்க."